சாவைச் சிறுகதையாக்கிய எட்கர் ஆலன் போ

சிறுகதை என்னும் இலக்கிய வகைக்கு இலக்கணம் வகுத்தவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ. 1809இல் பிறந்து 1849இல் மறைந்த அவர் வாழ்ந்த ஆண்டுகள் 40 மட்டுமே. அக்குறுகிய வாழ்நாளில் அவர் படைத்த கதைகள் ஏறத்தாழ 70. அவற்றுள் சாவின் நிழல் படியாத கதைகள் மிகச் சிலவே. கல்லறை, பிணம், கொள்ளைநோய், கொலை, உயிருடன் புதைத்தல், இறந்தோர் மீண்டு வருதல் என்பன அவர்தம் கதைகளில் திரும்பத் திரும்ப வருவன.

இதனைக் கண்டோர் பலர் இருவகை முடிவுக்கு வந்தனர். மதுமயக்கத்தில் நிலைதடுமாறிய உள்ளத்தின் பிதற்றலே இக்கதைகள் என்பது ஒரு முடிவு. இதழ் வாசகரை அச்சுறுத்திப் பொருளீட்டக் கையாண்ட உத்தியே இது என்பது மற்றொரு முடிவு. போவின் வாழ்க்கையையும் கதைகளையும் ஆண்டு முறைப்படி அருகருகே வைத்து நோக்கினால் இவ்விரு முடிவுகளும் முழுமையாகப் பொருந்தாமை புலப்படும். சாவை அவர் ஒரே முகமாக எழுதவில்லை. இறந்தவர் மீள வேண்டும் என்னும் வேட்கையில் தொடங்கி, சாவுக்குத் தப்பியவர் எவருமிலர் என்னும் தெளிவைக் கடந்து, விடைபெற விரும்பும் உயிரைப் பிடித்துவைத்தல் அன்பாகாது என்னும் உணர்வு வரை அவருடைய கதைகள் நடந்து சென்றிருக்கின்றன. அந்த நடைக்குப் பின்னால் ஒரு மனிதரின் இழப்புகள் வரிசையாக நிற்கின்றன.

தாயற்ற பிள்ளை

1809 சனவரி 19ஆம் நாள் பாஸ்டன் நகரில் எட்கர் பிறந்தார். தந்தை டேவிட் போவும் தாய் எலிசபெத்தும் நாடகக் கலைஞர்கள். இங்கிலாந்தில் பிறந்து இளமையிலேயே அமெரிக்கா வந்து சேர்ந்த எலிசபெத், 9 வயதில் மேடையேறியவர். பாட்டிலும் நடிப்பிலும் பெயர் பெற்றவர். ஊர் ஊராகச் சென்று நடிக்கும் குழுவில் கிடைத்த வருவாயைக் கொண்டே அவர் குடும்பத்தைக் காத்துவந்தார். ஹென்றி, எட்கர், ரோசலி என மூன்று குழந்தைகள். கணவர் குடும்பத்தை விட்டு விலகிவிட்டார்.

1811 டிசம்பர் 8ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில், வாடகைக்கு எடுத்திருந்த அறையொன்றில் எலிசபெத் உயிர் நீத்தார். அவரைக் கொண்டுசென்றது காசநோய் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்போது அவருக்கு 24 வயது. எட்கருக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அதே மாதம் 26ஆம் நாள் ரிச்மண்ட் நாடக அரங்கு தீப்பற்றி எரிந்து 72 பேர் மாண்டனர். தாய் நடித்த மேடையும் தாயைத் தொடர்ந்து சாம்பலாயிற்று.

தாயின் முகம் எட்கரின் நினைவில் எவ்வளவு எஞ்சியிருந்ததோ, அவருடைய சிற்றோவியம் ஒன்று மட்டும் எட்கரின் உடைமையாக எஞ்சியது. நாடகக் கலைஞரைச் சமுதாயம் தாழ்வாகக் கருதிய காலம் அது. எனினும் நடிகையின் மகன் என்பதில் தமக்குள்ள பெருமிதத்தை 1845இல் தம் இதழிலேயே போ வெளிப்பட எழுதினார். இளமையும் அழகும் கலையும் ஒருங்கே வாய்த்த பெண் நோயில் மெலிந்து மறையும் காட்சி அவருடைய கதைகளில் மீண்டும் மீண்டும் வருவதற்கான வேர் இந்த ரிச்மண்ட் அறையில் இருக்கிறது.

வளர்ப்பு இல்லம்

பெற்றோரை இழந்த குழந்தைகள் மூவரும் மூன்று இல்லங்களுக்குப் பிரிந்து சென்றனர். எட்கரை ஏற்றவர் ரிச்மண்ட் வணிகர் ஜான் ஆலன். அவருடைய மனைவி பிரான்சிஸ் குழந்தையிடம் பேரன்பு காட்டினார். ஆலன் என்னும் பெயர் எட்கரின் பெயர் நடுவே இடம்பெற்றது. ஆயினும் ஜான் ஆலன் அவரைச் சட்டப்படி மகனாக ஏற்கவே இல்லை. 1815 முதல் 1820 வரை அக்குடும்பம் இங்கிலாந்தில் வாழ்ந்தது. அங்குப் பயின்ற பள்ளியின் சூழலைப் பின்னாளில் 'வில்லியம் வில்சன்' என்னும் கதையில் போ பயன்படுத்திக்கொண்டார்.

ரிச்மண்ட் திரும்பிய பின், பள்ளித் தோழன் ஒருவனின் தாயான ஜேன் ஸ்டானர்டு அச்சிறுவனுக்கு ஆறுதலாக விளங்கினார். எட்கரின் கவிதை முயற்சிகளுக்குச் செவிகொடுத்த அவரும் 1824இல் இறந்தார். 15 வயதில் எட்கர் மீண்டும் ஒரு தாயை இழந்தார்.

1826இல் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆலன் அனுப்பிய தொகை போதவில்லை. சூதாட்டத்தில் இறங்கிப் பெருங்கடன் பட்டார். கடனை அடைக்க ஆலன் மறுத்தமையால் ஓராண்டுக்குள் படிப்பு நின்றது. 1827இல் வீட்டை விட்டு வெளியேறிப் பாஸ்டன் சென்று, 'டேமர்லேன்' என்னும் முதற் கவிதை நூலைத் தம் பெயரின்றி வெளியிட்டார். அதே ஆண்டில் எட்கர் பெர்ரி என்னும் மாற்றுப் பெயரில், வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்தார். இரண்டாண்டுக்குள் சார்ஜென்ட் மேஜராக உயர்ந்தமை அவருடைய ஒழுங்குக்கும் உழைப்புக்கும் சான்று. நிலையற்ற குடிகாரர் என்னும் பிற்காலப் பழிக்கு எதிராக நிற்கும் செய்திகளுள் இதுவும் ஒன்று.

1829 பிப்ரவரி 28ஆம் நாள் பிரான்சிஸ் ஆலன் காலமானார். செய்தியறிந்து போ விரைந்து வந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. முகம் காண இயலாமற் போன இந்தத் துயரம் ஊன்றி நோக்கத்தக்கது. மூடிய கல்லறையின் முன் நின்று, உள்ளே இருப்பவர் உண்மையிலேயே இறந்துவிட்டாரா என்று கேட்கும் மாந்தரைப் பின்னாளில் அவர் படைத்தார்.

பால்டிமோர் நாள்கள்

வளர்ப்புத் தாயின் மறைவுக்குப் பின் ஆலனுடன் தற்காலிக இணக்கம் ஏற்பட்டது. வெஸ்ட் பாயிண்ட் படைக் கல்லூரியில் 1830இல் சேர்ந்த போ, கடமைகளை வேண்டுமென்றே புறக்கணித்து 1831இல் விலக்கப்பட்டார். 1834இல் ஆலன் மறைந்தபோது, அவருடைய விருப்ப ஆவணத்தில் போவுக்கென எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

போ புகலடைந்த இடம் பால்டிமோர் நகரில் தம் தந்தையின் தங்கை மரியா கிளெம் நடத்திய ஏழைக் குடும்பம். தையலும் வாடகைக் குடித்தனமுமாக அவர் குடும்பத்தை நடத்திவந்தார். அவருடைய மகள் வர்ஜீனியா அப்போது சிறுமி. போவின் அண்ணன் ஹென்றியும் அவ்வீட்டில் நோயுற்றுக் கிடந்தார். கவிதை எழுதும் ஆற்றல் அவருக்கும் இருந்தது. 1831 ஆகஸ்டு முதல் நாள் அவர் இறந்தார். தாயைப் போலவே அவருக்கும் வயது 24. அடுத்த ஆண்டு பால்டிமோரைக் காலரா தாக்கியது. கொள்ளைநோயின் முன் செல்வரும் வறியரும் ஒன்றாகச் சாய்வதை அந்நகரம் கண்டது.

இத்தகைய சூழலில்தான் போ கவிதையிலிருந்து கதைக்குத் திரும்பினார். 1833இல் பால்டிமோர் வார இதழொன்று நடத்திய போட்டியில் 'குப்பியில் கிடைத்த கையெழுத்துப்படி' என்னும் கதை 50 டாலர் பரிசு பெற்றது. மூழ்கும் கப்பலில் இருந்துகொண்டு தன் முடிவைத் தானே எழுதிக் குப்பியிலிட்டுக் கடலில் எறியும் ஒருவனின் கதை அது. சாவின் விளிம்பு வரை சென்று, கண்டதை எழுதிவைத்தல் என்னும் போவின் முறை முதற் பரிசுக் கதையிலேயே தோன்றிவிட்டது.

மீண்டு வரும் மகளிர்

1835இல் ரிச்மண்ட் நகரின் 'சதர்ன் லிட்டரரி மெசஞ்சர்' இதழில் பணியேற்றார். 1836இல் வர்ஜீனியாவை மணந்தார். அவருக்கு 27 வயது. மணமகளுக்கு 14 வயதும் நிரம்பவில்லை. அக்காலத்திலேயே இது வழக்கத்துக்கு மாறானது. பின்வந்த ஆய்வாளர் பலர் இத்திருமணம் குறித்து மாறுபட்ட கருத்துகளைக் கூறியுள்ளனர். வர்ஜீனியா, மரியா கிளெம், போ ஆகிய மூவரும் ஒருவரை ஒருவர் பற்றி வாழ்ந்தனர் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

இக்காலத்துக் கதைகளில் இறந்த பெண் இறந்தவளாகவே இருப்பதில்லை. 1835இல் வெளிவந்த 'மொரெல்லா'வில் பிள்ளைப் பேற்றின்போது தாய் இறக்கிறாள். மகள் வளர வளரத் தாயாகவே மாறுகிறாள். மகளும் இறந்து, அவளை அடக்கம் செய்யத் தாயின் கல்லறையைத் திறந்தால் அங்கு எதுவும் இல்லை. 1838இல் வெளிவந்த 'லைஜீயா'வில், மறைந்த முதல் மனைவி இரண்டாம் மனைவியின் பிணத்தின் வழியாக எழுந்து நிற்கிறாள். மன உறுதி வலிதாயின் சாவையும் வெல்லலாம் என்னும் நம்பிக்கை அக்கதையின் உயிர்நாடி. தம் கதைகளுள் தலைசிறந்தது என்று இதனைப் போ கருதியமை அறியத்தக்கது.

1839இல் வெளிவந்த 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி' இவ்வேட்கையின் மறுபக்கம். நோயுற்ற சகோதரி மாடலினை இறந்தவள் எனக் கொண்டு நிலவறையில் வைக்கிறான் ரோடரிக் அஷர். அவள் உயிருடன் இருப்பதைத் தன் கூரிய செவியால் அவன் பல நாள் முன்பே உணர்ந்துவிடுகிறான். வாய் திறந்து சொல்லும் துணிவு இல்லை. இறுதியில் அவள் பெட்டியைப் பிளந்துகொண்டு வந்து அவன்மீது சாய, இருவரும் மடிகின்றனர். மாளிகையும் நீருள் அமிழ்கிறது. இறந்தவர் மீள வேண்டும் என்று விரும்பியவர் மீண்டால் என்னாகும் என்னும் வினாவைப் போ இங்கு எழுப்பிவிட்டார். லைஜீயாவின் கணவன் கண்டது வியப்பு என்றால் ரோடரிக் கண்டது தன் குற்றம்.

1842: கொள்கையும் குருதியும்

1838 முதல் போ குடும்பம் பிலடெல்பியாவில் வாழ்ந்தது. 1841இல் 'கிரகாம்ஸ்' இதழின் ஆசிரியக் குழுவில் சேர்ந்தார். அவ்வாண்டில் வெளிவந்த 'மார்க் தெருக் கொலைகள்' துப்பறியும் கதை என்னும் புதிய வகைக்கு வழி திறந்தது. அங்கும் கதையின் தொடக்கம் சாவே. ஆனால் அச்சத்துக்கு மாறாக அறிவு அச்சாவை ஆராய்கிறது.

1842 சனவரியில் ஒரு மாலை வர்ஜீனியா பாடிக்கொண்டிருந்தபோது அவர் வாயிலிருந்து குருதி வழிந்தது. காசநோயின் வருகை அது. நோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் கண்டறிந்தது 1882இல்தான். அதற்கு 40 ஆண்டு முன்னர் மருத்துவர் செய்யக் கூடியது மிகக் குறைவு. நோயாளி தேறுவார், மீண்டும் குருதி கொட்டும், மீண்டும் தேறுவார். ஒவ்வொரு முறையும் மனைவியின் சாவைத் தாம் முழுமையாக அனுபவித்ததாகவும், நம்பிக்கைக்கும் அவநம்பிக்கைக்கும் இடையே ஆடிய அந்த முடிவில்லாத ஊசலே தம் அறிவை நிலைகுலையச் செய்து மதுவை நாடவைத்ததாகவும் 1848இல் எழுதிய மடல் ஒன்றில் போ விளக்கியுள்ளார். குடி முதலிலும் கதை பின்னரும் வந்தன என்னும் பொதுக் கருத்துக்கு இம்மடல் விடையாகிறது. 'லைஜீயா'வும் 'அஷர்' கதையும் இதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டன.

அவ்வாண்டு ஏப்ரல் மாத 'கிரகாம்ஸ்' இதழில் வந்த கதை பின்னர் 'நீள்வட்ட ஓவியம்' எனப் பெயர் பெற்றது. தன் இளம் மனைவியை ஓவியமாகத் தீட்டுகிறான் ஒரு கலைஞன். ஓவியத்தில் உயிர் ஏற ஏற அவள் உடலில் உயிர் இறங்குகிறது. இறுதிக் கோடு தீட்டி முடித்து அவன் வியந்து திரும்பும்போது அவள் இறந்துகிடக்கிறாள். நோயுற்ற மனைவியின் அருகிலிருந்து நோயுற்ற பெண்களை எழுதும் எழுத்தாளர், தம் கலையையே கூண்டில் நிறுத்திக் கேட்ட வினா இது. சாவைப் பொருளீட்டும் உத்தியாக மட்டும் கண்டவர் இவ்வினாவைக் கேட்டிருக்கமாட்டார்.

அடுத்த மே மாத இதழ் அமெரிக்கச் சிறுகதை வரலாற்றில் தனிச் சிறப்புடையது. ஹாதர்ன் எழுதிய கதைத் தொகுப்புக்குப் போ எழுதிய மதிப்புரை அவ்விதழில் வெளிவந்தது. சிறுகதை ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். ஒரே உணர்வு விளைவை முன்னரே உறுதிசெய்துகொண்டு எழுதுதல் வேண்டும். முதல் தொடரிலிருந்தே ஒவ்வொரு சொல்லும் அவ்விளைவுக்குத் துணை நிற்றல் வேண்டும் என்பன அதில் அவர் வகுத்த நெறிகள். அதே இதழில்தான் 'செம்மரணத்தின் முகமூடி' என்னும் கதையும் வெளிவந்தது.

குருதி கசிய அரை மணியில் உயிர் குடிக்கும் கொள்ளைநோய் நாட்டில் பரவுகிறது. இளவரசன் புராஸ்பெரோ 1000 நண்பருடன் மதிலுக்குள் புகுந்து, கதவுகளை உருக்கிப் பூட்டிவிட்டுக் களியாட்டத்தில் ஈடுபடுகிறான். ஏழு அறைகள், ஏழாவது கரிய அறை. அங்குள்ள பெருங்கடிகாரம் மணியடிக்கும்போதெல்லாம் ஆட்டமும் இசையும் நின்று, பின் தொடர்கின்றன. நள்ளிரவில் நோயின் கோலத்தில் ஓர் உருவம் தோன்றுகிறது. அதனைப் பற்றிப் பிடித்தால் முகமூடிக்குள் எவருமில்லை. ஒவ்வொருவராக அனைவரும் மாய்கின்றனர்.

வாயில் குருதி வழிந்த மனைவி வீட்டில் இருக்க, குருதியையே அடையாளமாகக் கொண்ட நோயின் கதையை அவர் எழுதினார். கதவை எவ்வளவு இறுகப் பூட்டினாலும் சாவு முன்னரே உள்ளே இருக்கிறது என்பது அக்கதையின் உட்கிடை. முடிவை முதலில் உறுதிசெய்துகொண்டு, ஒவ்வொரு சொல்லையும் அதை நோக்கி நடத்துக என்னும் அவருடைய சிறுகதைக் கொள்கையும், முடிவு முன்னரே தெரிந்துவிட்ட ஒரு வீட்டில் ஒவ்வொரு நாளும் அதை நோக்கி நகர்ந்த அவருடைய வாழ்க்கையும் இவ்வோர் இதழில் சந்தித்துக்கொள்கின்றன.

கொன்றவனும் புதைந்தவனும்

1843 சனவரியில் 'காட்டிக்கொடுக்கும் இதயம்' வெளிவந்தது. முதியவர் ஒருவரைக் கொன்று தரைப் பலகைகளின் கீழ் மறைத்தவன், காவலர் முன் அமைதியாக அமர்ந்திருக்கிறான். இறந்தவரின் இதயத் துடிப்பு அவன் செவியில் ஓங்கி ஒலிக்கத் தொடங்குகிறது. தாங்கமாட்டாமல் தானே உண்மையைக் கூறிவிடுகிறான். அவ்வாண்டிலேயே வந்த 'கருப்புப் பூனை'யிலும் சுவருக்குள் மறைத்த பிணத்தைப் பூனையின் குரல் வெளிப்படுத்துகிறது. 1846இல் வந்த 'அமாண்டில்லாடோ மதுப்பீப்பாய்' கதையில் பகைவனை நிலவறைச் சுவருக்குள் வைத்து உயிருடன் அடைத்தவன், 50 ஆண்டு கழித்தும் அதனை ஒவ்வொரு கல்லாக நினைவுகூர்கிறான். இறந்தவர் போவதில்லை என்னும் பழைய கருத்தே இங்கும் உள்ளது. முன்னர் அன்பு அவர்களைப் பிடித்துவைத்தது. இங்கு மனச்சான்று பிடித்துவைக்கிறது.

1844இல் எழுதிய 'உயிருடன் அடக்கம்' வேறு திசையில் செல்கிறது. இறந்தவர் என்று பிழையாகக் கருதி உயிருடன் புதைத்துவிடுவார்களோ என்னும் அச்சம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. உள்ளிருப்பவர் அசைந்தால் மூடி திறந்துகொள்ளும் சவப்பெட்டிக்குப் பால்டிமோரைச் சேர்ந்த ஒருவர் 1843இல் காப்புரிமையும் பெற்றார். போவின் கதைத்தலைவன் இவ்வச்சத்தால் வாட்டமுற்று, கல்லறையில் மணி, உணவு, தண்ணீர் எனப் பல ஏற்பாடுகளைச் செய்துவைக்கிறான். ஒரு நாள் இருளில் விழித்துப் பெட்டிக்குள் கிடப்பதாக அலறுகிறான். அவன் படுத்திருந்ததோ சிறு கப்பலின் ஒடுங்கிய படுக்கையில். அந்த அலறலோடு அச்சம் நீங்குகிறது, நோயும் நீங்குகிறது. கல்லறைக் கதைகளைப் படிப்பதையே அவன் விட்டுவிடுகிறான். தம் கதைகளையே நோக்கி நகைக்கும் தெளிவு போவிடம் இருந்தது என்பதற்கு இக்கதை சான்று.

ஃபோர்டாம் குடில்

1844இல் குடும்பம் நியூயார்க் சென்றது. 1845 சனவரியில் வெளிவந்த 'அண்டங்காக்கை' என்னும் கவிதை ஒரே மாதத்தில் போவின் பெயரை நாடெங்கும் பரப்பியது. புகழ் வந்தது, பொருள் வரவில்லை. அவர் பொறுப்பேற்ற 'பிராட்வே ஜர்னல்' இதழ் 1846 தொடக்கத்தில் நின்றுபோயிற்று. கடுமையான மதிப்புரைகளால் எழுத்துலகில் பகைவர்களையும் அவர் ஈட்டியிருந்தார்.

1845 டிசம்பரில் 'திருவாளர் வால்டிமர் பற்றிய உண்மைகள்' வெளிவந்தது. காசநோயால் உயிர் பிரியும் நிலையில் இருக்கும் ஒருவரை, மெஸ்மரிசம் எனப்பட்ட வசிய முறையால் ஒருவன் உறக்கத்தில் ஆழ்த்துகிறான். வால்டிமர் இறந்துவிடுகிறார், ஆயினும் போக முடியவில்லை. ஏழு மாதம் அவர் உடல் கெடாமல் கிடக்கிறது. இறந்துவிட்ட தம்மை உறங்கவிடுமாறோ எழுப்பிவிடுமாறோ விரைந்து ஏதேனும் செய்ய வேண்டும் என்று அக்குரல் மன்றாடுகிறது. வசியம் விலகிய நொடியில் உடல் முற்றும் அழிந்துபோகிறது. உண்மை அறிக்கை என்று எண்ணி இதனைப் படித்து மயங்கியோர் அக்காலத்தில் பலர்.

அறிவியல் வேடிக்கை என்று இக்கதையைத் தள்ளிவிடுதல் எளிது. இதனை எழுதியவர் வீட்டில் காசநோயின் நான்காம் ஆண்டு முடிந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் அவ்வாறு தள்ள இயலாது. 'லைஜீயா'வில் மன உறுதியால் சாவை வெல்லுதல் பெருமையாக இருந்தது. 'வால்டிமர்' கதையில் பிறரின் மன உறுதியே இறப்பவருக்குச் சிறையாகிறது. வரவேண்டும் என்ற குரல் ஏழாண்டில் விடைகொடு என்ற குரலாக மாறியிருக்கிறது.

1846இல் நியூயார்க்குக்கு வடக்கே ஃபோர்டாம் சிற்றூரில் ஒரு சிறு குடிலுக்குக் குடும்பம் குடியேறியது. அவ்வாண்டுக் குளிர்காலத்தில் வர்ஜீனியா வைக்கோல் மெத்தையில் கிடந்தார். போர்த்துக்கொள்ளப் போவின் பழைய படைக்கால மேலங்கி இருந்தது. வீட்டுப் பூனை நோயாளியின் மார்பில் படுத்து வெம்மை தந்தது. கணவர் கைகளையும் தாய் கால்களையும் பற்றிச் சூடேற்றினர். இவ்வறுமையை நேரில் கண்ட பெண்மணி ஒருவர் பின்னர் எழுதிவைத்தார். நியூயார்க் இதழ்கள் இக்குடும்பத்துக்கு உதவுமாறு வேண்டுகோள் வெளியிட்டன. 1847 சனவரி 30ஆம் நாள் வர்ஜீனியா மறைந்தார். வயது 24. தாய், அண்ணன், மனைவி ஆகிய மூவரையும் அதே வயதில் காலன் கொண்டுசென்றான்.

1848இல் போ வெளியிட்ட 'யுரேகா' என்னும் உரைநடை நூல் அண்டத்தின் தோற்றத்தையும் முடிவையும் பற்றியது. ஒன்றிலிருந்து சிதறிய யாவும் மீண்டும் ஒன்றிலேயே சென்று கூடும் என்று அதில் அவர் எழுதினார். தனித்தனி உயிர்களின் அழிவைப் பெரிய ஒன்றுக்குத் திரும்புதலாகக் காணும் நோக்கு அது. பெட்டியைப் பிளந்துகொண்டு வெளிவரும் கைகளை எழுதியவர், சென்றவரைச் செல்லவிடும் இடத்துக்கு வந்துசேர்ந்தார்.

பால்டிமோரில் முடிவு

1849 கோடையில் போ ரிச்மண்ட் சென்றார். சொற்பொழிவுகள் ஆற்றினார். மது விலக்குச் சங்கம் ஒன்றில் உறுதிமொழி எடுத்துச் சேர்ந்தார். இளமையில் நேசித்த எல்மிரா ஷெல்டனை மணக்கும் எண்ணமும் இருந்தது. செப்டம்பர் 27இல் அங்கிருந்து புறப்பட்டார். அக்டோபர் 3ஆம் நாள், தேர்தல் நடந்துகொண்டிருந்த பால்டிமோரில், வாக்குச் சாவடியாகவும் பயன்பட்ட ஒரு மதுவிடுதி அருகே, தமக்குரியன அல்லாத உடைகளுடன் உணர்விழந்த நிலையில் காணப்பட்டார். மருத்துவமனையில் நான்கு நாள் கிடந்து 7ஆம் நாள் அதிகாலை இறந்தார். இறப்பின் காரணம் குறித்து ஆய்வாளர் கூறும் கருத்துகள் பல. முடிந்த முடிபு எதுவுமில்லை. மறுநாள் நடந்த அடக்கத்தில் கலந்துகொண்டோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. அண்ணனும் மனைவியும் நோய்வாய்ப்பட்ட காலமெல்லாம் உடனிருந்த அவருக்கு, உற்றார் உடனில்லாத சாவே வாய்த்தது.

உடலுக்குப் பின் பெயர் புதைக்கப்பட்டது. ரூஃபஸ் கிரிஸ்வோல்ட் என்னும் தொகுப்பாசிரியர் மாற்றுப் பெயரில் எழுதிய இரங்கல் கட்டுரை அக்டோபர் 9இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு போவின் படைப்புகளைப் பதிப்பித்தபோது அவர் எழுதிச் சேர்த்த வாழ்க்கைக் குறிப்பு, போவைப் பண்பற்ற குடிகாரராகவும் நன்றி கொன்றவராகவும் காட்டியது. அதற்குச் சான்றாகப் போவின் கடிதங்களையே அவர் திருத்திப் புனைந்திருந்தார். ஆர்தர் ஹாப்சன் குவின் 1941இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு அப்புனைவுகளை மூலக் கடிதங்களுடன் ஒப்பிட்டு வெளிப்படுத்தியது. இடைப்பட்ட ஏறத்தாழ 90 ஆண்டுகள் வாசகர் பலர் பழியின் வழியாகவே கதைகளைப் படித்தனர். பிரான்சில் பொதலேர் 1850களில் செய்த மொழிபெயர்ப்புகள் அக்கதைகளின் கலைத்திறத்தை ஐரோப்பா அறியச் செய்தன.

1875இல் பால்டிமோரில் போவுக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. திறப்பு விழாவுக்குக் கவிஞர் வால்ட் விட்மன் வந்திருந்தார். மரியா கிளெம் அவர் அருகிலேயே துயில்கிறார். ஃபோர்டாமில் இருந்த வர்ஜீனியாவின் எலும்புகள் 1885இல் கொண்டுவரப்பட்டுக் கணவர் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டன.

போவுக்குப் பின் வந்த அமெரிக்கச் சிறுகதையாசிரியர் பலர் சாவைத் தம்தம் வழியில் எழுதினர். உள்நாட்டுப் போரில் பங்குகொண்ட ஆம்புரோஸ் பியர்ஸ் 1890இல், தூக்குக் கயிற்றின் முன் நிற்பவனின் இறுதி நொடியைக் கதையாக்கினார். நிமோனியாவில் வாடும் இளம்பெண் சாகாதிருக்கச் சுவரில் இலையொன்றைத் தீட்டிவிட்டுத் தான் இறக்கும் முதிய ஓவியனை ஓ ஹென்றி 1907இல் படைத்தார். வில்லியம் ஃபாக்னர் 1930இல் வெளியிட்ட 'எமிலிக்கு ஒரு ரோஜா' கதையில், இறந்தவரைப் போகவிடாத ஒரு பெண்ணின் பூட்டிய அறை திறக்கப்படுகிறது. அறைகள் வேறு, ஆனால் அவற்றின் கதவுகளில் முதலில் கைவைத்தவர் போ. சாவைக் காட்டி அச்சுறுத்தியவர் என்னும் அளவில் அவரை நினைப்பது கிரிஸ்வோல்ட் விட்டுச்சென்ற பழியின் எச்சமேயாகும். தாம் அன்பு செலுத்தியவரை ஒருவர் பின் ஒருவராக இழந்தும், ஒவ்வோர் இழப்பின் பின்னும் எழுதுமேசைக்குத் திரும்பிச் சொல்லை அளந்து எழுதியவர் அவர். அவருடைய கதைகளை எழுதப்பட்ட ஆண்டு வரிசையில் படிப்போர், அச்சத்தின் ஊடே ஒருவர் தம் இறந்தோரிடம் விடைபெறக் கற்றுக்கொண்ட வரலாற்றையும் சேர்த்தே படிப்பர்.